இருபத்தொரு லிட்டர்

பிக்கப்பின் பின்கூட்டில்
மெத்தை போட்டதுபோக மிச்சம்
நாற்பத்திரண்டு சென்டிமீட்டர்.
தையல் டேப்பால் மூன்று முறை அளந்துவிட்டேன்.
நாலாவது முறை பார்த்திபன் அளந்தார்,
அதே நாற்பத்திரண்டு வந்ததும்
டேப்பைக் குறை சொன்னார்.

அங்கே அடுப்பு என்பது அவர் கட்சி.
தண்டாஸ் என்பது என் கட்சி.
"நெடுஞ்சாலையில ஓய்வுத்தலம் இருக்கு,
எண்ணெய் நிலையம் இருக்கு, சூராவ் இருக்கு,
ஒண்ணும் இல்லேன்னா செம்பனைத் தோட்டம் இருக்கு."
செம்பனை ஆம்பளைக்கு மரம்.
எனக்கு அது பாம்பு, கட்டெறும்பு,
தூரத்தில் வேகம் குறைத்த
ஒரு மோட்டார் சைக்கிளின் விளக்கு.

ஜெலுத்தோங்கில் தூண்டில் கடைக்குப் பின்னால்
கெங் ஹுவாட் வரிசையாக எடுத்து வைத்தார்.

ஒரு வாளி. மேலே இருக்கை, உள்ளே பை,
ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி மரத்தூள்.
நாற்பத்தைந்து வெள்ளி.
அப்புறம் நடுவில் ஓட்டை போட்ட மடக்கு நாற்காலி;
பார்த்திபன் ஒரு விரலால் அழுத்தினார்,
அது தானாகவே மடங்கிக்கொண்டது.
கடைசியாக இரண்டடுக்குப் பெட்டி:
மேலே நல்ல தண்ணீர், கீழே இருபத்தொரு லிட்டர்,
நடுவில் இழுத்து மூடும் தகடு,
நாற்றத்துக்கு ஒரு மூடி நீல மருந்து.
ஐந்நூற்று எண்பது.

"எத்தனை பேர்? எத்தனை நாள்?"
மலாயில் கேட்டார், மருந்துக்கடைக்காரர் முகத்தோடு.
"கழுவுவீங்களா, துடைப்பீங்களா?"
கழுவுவோம் என்றேன்.
அட்டையில் கணக்குப் போட்டு
ஒரு நாளைக் கழித்தார்.

"உட்கார்ந்து பாருங்க."

கடை நடுவில், சுடிதாரோடு,
கேஸ் அடுப்பு அலமாரிக்கு எதிரே உட்கார்ந்தேன்.
நரம்பு வாங்க வந்த பையன்
கூரையில் எதையோ தேடினான்.
முழங்கால் இடிக்கவில்லை. உயரம் சரி.
எழுந்திருக்கத்தான் மனமில்லை.

பாயான் லெப்பாஸ். இருபத்தாறு வருடம்.
கண் மட்டும் தெரிகிற வெள்ளை அங்கி,
பதினாலு பேருக்கு ஒரே ஒரு சிவப்பு வில்லை.
அது ஆணியில் தொங்கினால் போகலாம்.
தொங்காவிட்டால் யாரோ போயிருக்கிறாள்,
அவள் வரும்வரை காலை மாற்றி மாற்றி நிற்கலாம்.
எட்டு நிமிடம்.
அங்கியைக் கழற்றவே மூன்று.
சில்லுகளைச் சோதிக்கக் கற்றது பிறகு,
தண்ணீர் குடிக்காமல் இருக்கத்தான்
அங்கே முதலில் கற்றேன்.
பாலத்தில் நெரிசல் என்றால்
கம்பெனி பஸ்ஸில் அத்தனை பெண்களும்
ஒரே மாதிரி மௌனமாகிவிடுவோம்.

நீண்ட சேவைக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள்.
சிறுநீரகம் தன் பங்குக்கு
ஒரு கல்.

"நிறைஞ்சா யார் தூக்குறது?"
அதுவரை பேசாமலிருந்த பார்த்திபன்.
நல்ல கேள்விதான்.
இருபத்தொரு லிட்டர், மருந்தோடு,
இரண்டு பேருடையதும் கலந்து.
வீட்டில் முப்பது வருடமாக
யாரும் கேட்டிராத கேள்வி;
பிரஷ் என் கையில்தான் இருந்தது.
நான் பதில் சொல்லவில்லை. அவரையே பார்த்தேன்.
கெங் ஹுவாட் குனிந்து
பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்:
"ரெண்டு பக்கமும் கைப்பிடி இருக்கு."

ஐந்நூற்று ஐம்பதுக்குக் கொடுத்தார்.
மருந்துப் புட்டி சும்மா.

முதல் இரவு பூலாவ் பெத்தோங்,
படகுகள் கட்டியிருந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி.
அடுப்பு வெளியே, குடைக்கு அடியில்;
மீ கோரெங்கில் மழையும் கொஞ்சம்.
படுக்கும்முன் ஒரு புட்டித் தண்ணீரை
முழுதாகக் குடித்தேன்,
தாகம் ஒன்றும் இல்லை.

இரண்டரைக்கோ மூன்றுக்கோ எழுந்தேன்.
பூப்போட்ட குளியலறைத் திரையை இழுத்தேன்.
அந்தப் பக்கம் பார்த்திபன்
தூங்குகிறவர் மாதிரி இருமினார்,
கையை நீட்டி ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.
தகரத்தில் மழை.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று கேட்காதீர்கள்.
கடிகாரம்
பட்டர்வொர்த் வீட்டுச் சுவரில் இருக்கிறது.